முதலில் மண்வெட்டி

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் தம்பலகாமத்தில் லொறி புதைவது ஒரு செய்தியே அல்ல. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை மாதக்கணக்கில் குடித்த களிமண், மாசி வெயிலில் மேலே வெடித்துக் கிடக்கும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். "தரை இறுகிப் போச்சு" என்று நம்பி கிரவல் வீதியை விட்டு வட்டைக்குள் இறங்குகிற சாரதி கொஞ்சத் தூரம் போவதற்குள் பின் சில்லுகள் தாழ்ந்து, லொறி ஒரு பக்கம் சரிந்துவிடும். வரம்பில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குவார்கள்.

இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்பதால், புதிதாக லொறியோ கெப்போ எடுக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பார்கள்: "மாமா, புதைஞ்சா எடுக்கிறதுக்கு என்னென்ன சாமான் வாங்கி வைக்க வேணும்?" கேட்கும்போதே விடையையும் மனதில் கொண்டுதான் வருவார்கள். முன் பம்பரில் பூட்டுகிற வின்ச், தொடை மொத்தத்தில் ஒரு வடம், சிவப்புப் பூச்சுப் பூசிய ஷக்கிள் நாலைந்து. எல்லாம் கைபேசியில் பார்த்தது. நான் சொல்வது அவர்களுக்குச் சப்பென்று இருக்கும்: முதலில் நல்ல மண்வெட்டி ஒன்று வாங்கு.

பகிடிக்குச் சொல்வதில்லை. கணக்கோடுதான் சொல்கிறேன்.

இராணுவங்களில் புதைந்த வாகனங்களை எடுக்கும் பிரிவினருக்கு ஒரு பருமட்டான கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சில்லு மட்டத்துக்குப் புதைந்தால், வாகனத்தின் மொத்தப் பாரம் எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்ட் மட்டத்துக்குப் புதைந்தால் அதுபோல் இரண்டு மடங்கு. நம்மூர் லொறிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். வெறும் லொறி 3 தொன், மேலே 60 மூடை நெல் என்று வைப்போம். மூடை 65 கிலோ என்றால் நெல் மட்டும் 3,900 கிலோ. எல்லாம் சேர்ந்து 7 தொன் அளவில். அது மட்கார்ட் வரை இறங்கினால் 14 தொன் இழுவை தேவை. கெப்களில் பூட்டுகிற 12,000 இறாத்தல் வின்ச் என்பது சுமார் 5.4 தொன்தான். அந்த இழுவையும் உருளையில் அடிச்சுற்று மட்டும் மிஞ்சும்படி வடத்தை இழுத்து விட்டிருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே சுற்றுக் கூடக் கூட இழுவை குறைந்துகொண்டே போகும்.

இப்போது மண்வெட்டியை எடுங்கள். சில்லைச் சுற்றியும் டிஃபரன்ஷல் கூட்டுக்கு அடியிலும் இருக்கிற சேற்றை வெட்டியெடுத்தால் மட்கார்ட் மட்டப் புதைவு சில்லு மட்டத்துக்கு வந்துவிடும். பதினான்கு ஏழாகிவிட்டது. மூடைகளை இறக்கி வரம்பில் அடுக்கினால் ஏழு மூன்றாகும். ஒரு லீற்றர் டீசல் எரியவில்லை, ஒரு வடம் அறவில்லை, பதினொரு தொன் இழுவை மிச்சம்.

புதைந்தவன் எல்லோரும் "எனக்கு இழுக்கப் பலம் போதவில்லை" என்றுதான் நினைக்கிறான். எதெல்லாம் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பவன் குறைவு. லொறிக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வெட்டுக் காலத்தில், வாய்க்கால் ஓரப் பாதையில் லீசிங் லொறி ஒன்று புதைந்து கிடந்தது. வைத்திருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மில்லில் ஆள் காத்திருக்கிறான், மாத முடிவில் தவணை. அக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்ததில் பின் சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டுவிட்டது. கிண்ணியாவிலிருந்து வெட்டுக்கு வந்திருந்த ட்ரக்டர்கார நானா ஒருவரைக் கூப்பிட்டார்கள். வடத்தோடு ஓடிப் போனான் பிள்ளை. நானா அதை வாங்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் குந்தி, கையை அடியில் விட்டுத் துழாவினார். "தம்பி, உங்கட லொறி சில்லுல நிக்கல்ல. வயித்துல படுத்திருக்கு. இத இழுத்தா அச்சுத்தான் கையோட வரும்" என்றார்.

முப்பது மூடை இறங்கியது. நானா சில்லின் பின்பக்கம் மண்ணைச் சரிவாக வெட்டினார், ஏறி வருவதற்கு ஒரு படிபோல. டயரின் பக்கவாட்டில் அலவாங்கை இறக்கி ஆட்டினார். சேறு ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்தது. களிமண்ணில் அந்த ஒட்டுத்தான் பாதிப் பிடி. காற்று உள்ளே போனால் பிடி விடும். வெட்டிய சரிவில் பனம்பலகை இரண்டை வைத்தார். பிறகுதான் வடம். அதுவும் முன்னால் இழுக்கவில்லை, வந்த வழியே பின்னால். தான் அமுக்கி வந்த தடத்தில் திரும்பிப் போவதுதான் லொறிக்கு லேசு. ட்ரக்டர் லோ கியரில் முனகியது, அவ்வளவுதான். லொறி ஏறி வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

நானாவின் வேலையில் இருந்த ஒழுங்குதான் என்னுடைய சாமான் பட்டியலின் ஒழுங்கும்.

மண்வெட்டியோடு ஒரு சவளும் வேண்டும். மண்வெட்டி சேற்றைத் தன் பக்கம் இழுக்கும். லொறிக்கு அடியில் நீட்டித் தள்ளிவிட அதனால் முடியாது, அதற்குச் சவள். பிடி கட்டையாக இருந்தால்தான் சேசிஸுக்குக் கீழே வீச இடம் கிடைக்கும். கூடவே ஒரு அலவாங்கும் காட்டுக்கத்தியும். இந்த நாலும் நம்மூரில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும், ஆயுளுக்கும் உழைக்கும்.

அடுத்தது பலகை. இப்போது அதை வெளிநாட்டில் பிளாஸ்டிக்கில் பல் வைத்துச் செய்கிறார்கள். யோசனை பழையது. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1920களிலும் 30களிலும் எகிப்துப் பக்கத்துப் பாலைவனத்தில் சாதாரணக் கார்களைக் கொண்டு அலைந்தவர். மணலில் புதைந்த சில்லுக்கு அடியில் இரும்புத் தகட்டுத் தவாளிகளை வைத்து ஏற்றியெடுப்பது அவர் கைக்கொண்ட வழி. 1940இல் அவர் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவின் லொறிகள் எல்லாம் அந்தத் தகடுகளைச் சுமந்துகொண்டுதான் ஓடின. எதிரியைப் பின்னாலிருந்து தாக்கப் போனவர்களும் தினமும் செய்த வேலை மண் வெட்டித் தகடு வைப்பதுதான். நமக்குப் பனம்பலகையோ முதிரைப் பலகையோ போதும். நுனியில் துளை போட்டு ஒரு முழக் கயிறு கட்டிவிடுங்கள். லொறி ஏறிப் போனபின் பலகை சேற்றுக்குள் போய்விடும். கயிறு இருந்தால்தான் தேடியெடுக்கலாம். லொறி ஏறும்போது பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சில்லு சுழன்றால் பலகை பின்னால் பறந்து வரும். ஜக் வைப்பதற்கும் ஒரு சதுரப் பலகை தனியாக இருக்கட்டும். சேற்றில் ஜக் லொறியைத் தூக்காது, தானே கீழே இறங்கும்.

மூன்றாவது, காற்று அளக்கிற மானியும் காற்றடிக்கிற சிறிய கம்பிரசரும். நிலாவெளிக் கடற்கரை மணலிலோ மகாவலி மணல் பாதையிலோ போகிற கெப்காரனுக்கு இதுதான் உயிர். 35 பி.எஸ்.ஐ. காற்றோடு புதைகிற டயர், 20க்கு இறக்கினால் நீளமாகப் படிந்து மணலின் மேல் நடக்கும். 15க்குக் கீழே போனால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று இறக்கிய டயரோடு தார் வீதியில் வேகமாக ஓடவும் கூடாது. அதனால்தான் கம்பிரசர். இது கெப்புக்குச் சொன்னது. பாரம் ஏற்றிய லொறியின் இரட்டைச் சில்லில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வடம்.

வடம் வாங்கப் போனால் கடைக்காரன் ஓர் எண்ணைக் காட்டுவான். எந்த எண் என்று கேட்க வேண்டும். இழுவைப் பட்டியில் எழுதியிருப்பது அது அறுகிற அளவு. ஷக்கிளில் பொறித்திருப்பது அது வேலை செய்யக்கூடிய அளவு. அறுகிற அளவு அதற்குப் பல மடங்கு மேலே இருக்கும். முக்கால் அங்குல ஷக்கிளில் 4.75 தொன் என்று இருப்பதைப் பார்த்து "பட்டி 8 தொன், ஷக்கிள் பலமில்லை" என்று சொல்பவன் இரண்டு வேறு கணக்கை ஒன்றாகக் கூட்டுகிறான். எண்ணே பொறிக்காத ஷக்கிளைக் கையால் தொடாதீர்கள். பட்டியின் அறுகிற அளவு வாகனத்தின் மொத்தப் பாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. 8 தொன் பட்டி கெப்புக்குச் சரி. நெல் ஏற்றிய லொறிக்கு அது நூல்.

வடத்தில் இரண்டு சாதி உண்டு. சங்கிலி, கம்பி வடம் நீளாது. நைலோன் வடம் தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, சுருங்கும்போது இழுக்கும். நீளுகிற வடத்தில்தான் கொஞ்சம் ஓடி வந்து இழுக்கலாம். நீளாத வடத்தில் வெட்டி இழுத்தால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். ஓடி வரும் வேகம் இரண்டு மடங்கானால் வடத்தில் ஏறும் இயக்கச் சக்தி நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அவசரப்பட்டவனுக்கு மட்டும் நினைவுக்கு வராது. நைலோனோடு சங்கிலியை முடிந்து நீளமாக்குவது அதைவிட மோசம். நைலோன் சுருங்கும்போது சங்கிலியை அள்ளிக்கொண்டு வரும். முடிச்சுப் போட்ட வடம் கிட்டத்தட்டப் பாதிப் பலத்தை இழந்த வடம். திருகோணமலையில் மலிவாகக் கிடைக்கிற பழைய மீன்பிடி வடம் வெயிலில் எத்தனை வருடம் கிடந்தது என்று அதைக் கேட்டால் சொல்லாது.

எதில் கொழுவுகிறாய் என்பது அடுத்த கேள்வி. ஜப்பானிலிருந்து கப்பலில் வருகிற வாகனங்களின் அடியில் வளையங்கள் இருக்கும். பல வளையங்கள் கப்பல் தளத்தில் அசையாமல் கட்டிவைக்கப் போட்டவை. சேற்றிலிருந்து இழுக்கப் போட்டவை அல்ல. ட்ரெயிலர் கொழுவுகிற இரும்பு உருண்டையில் வடத்தை மாட்டுவது இன்னும் ஆபத்து. அது முறிந்தால் பீரங்கிக் குண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படிப் பறந்த உருண்டை ஆட்களைக் கொன்றிருக்கிறது. அங்கே இழுவைப் பட்டிகளுக்கென்றே கட்டாயப் பாதுகாப்பு விதி இருக்கிறது. எச்சரிக்கை அச்சிடாத பட்டியை விற்க முடியாது. நாம் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய கொழுவியில் மட்டும் மாட்டுவோம். இரண்டு பக்கக் கொழுவியிலும் வடம் மாட்டி நடுவில் இழுக்கிறவர்கள் கிளை இரண்டையும் நீளமாக விட வேண்டும். கிளைகள் 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு கிளையும் முழுப் பாரத்தையும் தாங்க நேரும். இருவர் பங்கிட்டதாகத் தெரியும், ஒருவருக்கும் சுமை குறைந்திராது. சில கூட்டு வியாபாரங்களும் இப்படித்தான்.

நன்றாக யோசித்தால், வடம் ஒரு நாளும் தனியாக இழுப்பதில்லை. அந்தப் பக்கக் கொழுவி, ஷக்கிள், வடம், மறு ஷக்கிள், இந்தப் பக்கக் கொழுவி என்று ஐந்து இடம். பணம் முழுவதையும் வடத்தில் போட்டவன் நாலு இடத்தில் ஏழையாக இருக்கிறான். வீட்டிலும் ஒருவன் மலைபோல் உழைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். குடும்பம் அறுவது அநேகமாக அவனில் இல்லை. யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கொழுவியில்தான்.

கையில் பணம் மிஞ்சினால் ஒரு கப்பி வாங்கலாம். கப்பியை லொறியின் கொழுவியில் மாட்டி, வடத்தின் ஒரு நுனியை மருத மரத்தில் கட்டி, கப்பியில் கொடுத்துத் திருப்பி மறு நுனியை ட்ரக்டரால் இழுத்தால் இழுவை இரட்டிக்கும், வேகம் பாதியாகும். பொறுமையைப் பலமாக மாற்றுகிற சாமான் அது. மரத்தில் நேரே வடம் போடாமல் அகலப் பட்டி போடுங்கள், பட்டை உரியாது. வெட்ட வெளி வயலில் மரத்துக்கு எங்கே போவது? மேலதிகச் சில்லைக் குழி வெட்டிக் குறுக்கே புதைத்து அதில் கட்டலாம். மறுபடி மண்வெட்டிதான்.

இழுக்கும் நேரத்தில் வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது வீச்சைத் தணிக்கும். வடத்தின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் சனத்தை நிறுத்துங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்தான் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். டோர்ச் லைற்றும் தண்ணீரும் எப்போதும் லொறியில் இருக்கட்டும். கந்தளாய்ப் பக்கம் இருட்டினால் யானை இறங்கும். அங்கே விடியும்வரை காத்திருப்பதும் ஒரு தீர்மானமாகவே இருக்க வேண்டும், இடறி விழுந்ததாக இருக்கக் கூடாது.

பாரத்தை மண் எப்படி வாங்குகிறது என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின; வீடும் வயலும் வாரிக்கொண்டு போனது வெள்ளம். கட்டின் மேல் பாரமான வாகனங்கள் ஓடவிடப்பட்டதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. பல நூற்றாண்டு நின்ற கட்டு. ஓடின ஒவ்வொரு லொறிக்காரனும் "நான் ஒருத்தன் போனா என்ன" என்றுதான் நினைத்திருப்பான். பாரம் அன்றைக்கே தன் வேலையைக் காட்டாது. அதனால்தான் இன்னும் நாலு மூடை ஏற்றத் துணிகிறோம்.

அந்த லீசிங் லொறிப் பிள்ளை அதற்குப் பிறகு அடிக்கடி வீட்டுப் பக்கம் வருவான். ஒரு நாள் வந்து, தவணை மூன்று பின்னுக்கு நிற்கிறது, இன்னொரு இடத்தில் கடன் எடுத்து இதை அடைத்துவிடலாமா என்று கேட்டான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகான காலம் அது. பழைய லொறிக்கும் பொன் விலையாக இருந்தது, உதிரிப்பாகம் அதைவிட. அவன் ஒருவன் கதை அல்ல இது. எங்கள் பக்கத்தில் ஒரு கடனை அடைக்க மறு கடன், அதை அடைக்கக் குழுக்கடன் என்று சில்லு சுழன்ற வீடுகள் நிறைய. சுழலச் சுழல நகர்வதுபோல் இருக்கும், இரைச்சலும் பலமாக இருக்கும். இறங்குவது மட்டும் தெரியாது.

"வயித்துல படுத்திருக்கா, சில்லுல நிக்குதா எண்டு முதல்ல பாப்பம்" என்றேன். கொப்பியை எடுத்து எழுத வைத்தேன். என்னென்ன பிடித்து வைத்திருக்கிறது? வாடகைக்கு எடுத்து நெல் இல்லாமல் கிடக்கும் களஞ்சியம். தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள். கடனுக்குப் பாரம் ஏற்றிவிட்டு நாலு பேரிடம் வர வேண்டிய கூலி. களஞ்சியத்தைத் திருப்பிக் கொடுத்தான், சைக்கிளை விற்றான், கூச்சத்தை விட்டுக் கூலியைக் கேட்டு வாங்கினான். லீசிங் கந்தோருக்குத் தானே போய், தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டான். வட்டி கூடத்தான் போயிற்று. கப்பி போட்டு இழுத்தால் வேகம் குறையத்தானே செய்யும். புதுக் கடன் எடுக்க வேண்டி வரவில்லை. வட்டைக்குள் லொறியை இறக்குவதையும் விட்டுவிட்டான். ட்ரக்டர் பெட்டியில் மூடையைக் கிரவல் வீதிக்குக் கொண்டு வந்து தரச் சொல்கிறான். அதற்கு ஒரு கூலி போகிறது. அந்தக் கூலியை அவன் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, மீட்புச் சாமான் கணக்கில் எழுதுகிறான். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த போகத்துக்கு வாகனம் ஆயத்தப்படுத்துகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வரிசை இதுதான். மண்வெட்டி, சவள், அலவாங்கு, கத்தி. பலகை நாலு. காற்று மானியும் கம்பிரசரும். சேசிஸில் ஒழுங்கான கொழுவி முன்னும் பின்னும். பாரத்துக்கு ஏற்ற வடம், எண் பொறித்த ஷக்கிள் இரண்டு, சாக்கு, கையுறை, டோர்ச் லைற். பிறகு கப்பி. வின்ச் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவும் லொறியில் ஏறிய பின்னும் கையில் சொந்தக் காசு இருந்தால் தாராளமாக வாங்கு. கடன்பட்டு மட்டும் வாங்காதே. புதைவிலிருந்து எடுக்க வாங்குகிற சாமானே உன்னைப் புதைக்கக் கூடாது.